ஜீப்பின் வயசு: மலையடிவாரத்து ஜீப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,



பண்பொழி, மேக்கரை, வடகரை, செங்கோட்டை, புளியரை, தென்காசி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், ஒரு காலத்தில் ஓட்டியவர்கள், அவற்றுக்கு டிங்கரிங் பார்க்கும் பட்டறைக்காரர்கள், குற்றால சீசனில் ரோட்டோரம் நின்று வண்டிகளைப் போட்டோ எடுக்கும் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. தோப்பிலோ தொழுவத்திலோ நிற்கும் ஜீப்பை அறுப்பதற்கு முன், பாடி மாற்றுவதற்கு முன், காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், அது எந்தக் காலத்து வண்டி என்று ஒரு தடவை பாருங்கள். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் ஒரு சாயங்காலப் பொழுது போதும்.

பழைய அமெரிக்கக் கார் என்றதும் பலருக்கு செவர்லேயும் பியூக்கும் பிளைமவுத்தும்தான் நினைவுக்கு வரும். அவை ஜமீன் வீட்டிலும் மில் முதலாளி வீட்டிலும் நின்றவை. நம் தோப்புப் பாதையிலும் மலைப் பாதையிலும் உழைத்துத் தேய்ந்த அமெரிக்கப் பெயர் ஜீப்தான். பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றது ஜீப். காட்டிலாகா ரேஞ்சர் வந்து இறங்கியது ஜீப். மலேரியாக்காரர்கள் கொசு மருந்தோடு வந்தது ஜீப்பில். தேர்தல் வந்தால் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனதும் அதுதான். மேக்கரைக்கு அந்தப்பக்கம் மலையேறி அச்சன்கோவிலுக்கு ஆளையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோனதும் அதுதான். எல்லாவற்றையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியதால், எல்லாம் ஒரே வண்டி என்று நினைத்துவிட்டோம். இரண்டாம் உலக யுத்த காலத்து ஜீப் வேறு, யுத்தம் முடிந்து உழவனுக்காக வந்த ஜீப் வேறு, பம்பாயில் மகிந்திரா பூட்டிய ஜீப் வேறு, டீசல் ஜீப் வேறு. முன்னால் நின்று பார்த்தாலே பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நூற்று முப்பத்தைந்து கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற, எங்கேயும் போகிற சிறு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கெடுவுக்குள் கொண்டுவந்தது பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் அதற்கு வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் லட்சக்கணக்கில் செய்துதரும் வசதி பாண்டத்துக்கு இல்லை. ஒஹாயோ மாநிலத்து டோலிடோ நகரின் வில்லிஸ் ஓவர்லாண்டிடம் பார்னி ரூஸ் மெருகேற்றிய 2.2 லிட்டர் எஞ்சின் இருந்தது. 60 குதிரைத் திறன்; போட்டிக்கு வந்த மற்ற வண்டிகளைவிடக் கூடுதல். ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. ஒரு கம்பெனியை மட்டும் நம்பியிருக்க முடியாதென்று, அதே வரைபடத்தில் ஃபோர்டையும் செய்யச் சொன்னார்கள். யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000 வண்டியும் ஃபோர்டு சுமார் 2,78,000 வண்டியும் செய்து முடித்தன. வில்லிஸ் செய்ததற்கு எம்.பி. என்றும், ஃபோர்டு செய்ததற்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர்.

அந்த வண்டிகள் இந்தியாவுக்கு வந்தது பர்மா யுத்தத்தால். அசாமிலும் மணிப்பூரிலும் சேற்றில் ஓடிய ஜீப்புகள் 1945-க்குப் பிறகு ராணுவ டிஸ்போஸலில் விலைக்கு வந்தன. கண்டியில் யுத்தத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் இருந்ததால் இலங்கையிலும் ஜீப் பரவியது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அப்போதே பழகிய வண்டி.

இனி அடையாளத்துக்கு வருவோம்.

வண்டிக்கு நேர் முன்னால் நின்று கிரில்லின் கீறல்களை எண்ணுங்கள். ஒன்பது இருந்தால் யுத்த காலத்து முகம். ஏழு இருந்தால் யுத்தத்துக்குப் பிந்தியது. முதல் அடையாளம் இதுதான். ஒரே தகட்டில் அழுத்தியெடுத்த அந்த ஒன்பது கீறல் கிரில் ஃபோர்டுகாரர்கள் யோசித்தது. வில்லிஸின் முதல் இருபத்தையாயிரம் வண்டி வரை இரும்புப் பட்டைகளை வெல்டு வைத்த கிரில்தான் இருந்தது. ஃபோர்டுடையது எடையும் குறைவு, செலவும் குறைவு என்பதால் வில்லிஸும் அதற்கு மாறியது. இன்றைக்கு உலகமே ஜீப்பின் முகம் என்று சொல்கிற முகத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ஹெட்லைட். யுத்த ஜீப்பில் அது சின்னது, கிரில்லுக்குள் பதுங்கியிருக்கும். பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். விளக்கு ஒரு கீல் மேல் உட்கார்ந்திருக்கும். கையாலேயே திருகுகிற காது நட்டு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பினால் வெளிச்சம் எஞ்சின் மேல் விழும். ராத்திரியில் டார்ச் பிடிக்க ஆளில்லாமல் ரிப்பேர் பார்க்கச் செய்த ஏற்பாடு. உழவர் ஜீப்பில் இது கிடையாது. அதில் ஹெட்லைட் பெரிதாகி, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

யுத்த ஜீப்பின் இடப்பக்கத் தகட்டில் கோடரியும் மண்வாரியும் பதிந்து உட்காரப் பள்ளம் அடித்திருக்கும். பின்னால் திறக்கும் கதவு கிடையாது. ஸ்டெப்னி பின்பக்கம் தொங்கும். பெட்ரோல் ஊற்றும் மூடியை வெளியே தேடினால் கிடைக்காது. டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும்.

வில்லிஸா ஃபோர்டா என்று பார்க்க, குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துவைத்த தொட்டிபோல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் இன்னொன்றும் உண்டு. போல்ட் தலைகளில் ஆங்கில எஃப் எழுத்தைக் குத்தியிருப்பார்கள். தன் கையால் செய்த உதிரிப்பாகம் எது என்று தெரிவதற்காக, பிராக்கெட்டில், கொக்கியில், கம்பியில் என்று எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் அந்த எழுத்து. பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்த வண்டியில் அது மூடிப்போயிருக்கும். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்த்தால் மேலே வரும்.

போன சாரல் காலத்தில் செங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் கண்டேன். தரைத்தகடு முழுக்க இற்றுப்போய், பாடியைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் குடும்பத்தில் அது எழுபதுகளில் வாங்கிய ஜீப், ஆகவே எழுபதுகளின் வண்டி என்றே எல்லோருக்கும் நினைப்பு. நான் கிரில்லை எண்ணினேன். ஒன்பது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் கீல் இருந்தது, துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பட்டறைத் தம்பி எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, இடுக்கியால் மெல்லத் திருகினான். காது நட்டு இளகியது. விளக்கைத் திருப்பியதும் அது எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடியில் குறுக்குச் சட்டம் குழாய். எந்த போல்ட்டிலும் எஃப் இல்லை. வில்லிஸ் எம்.பி. தாத்தா வாங்கிய தேதிக்கு முப்பது வருஷம் முன்னால் டோலிடோவில் பிறந்த வண்டி. வண்டிக்காரரின் பேரன் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து வந்து விளக்கைத் தானே நாலு தடவை திருப்பிப் பார்த்தான். கிரில்லை அறுத்துவிட்டுப் புது மாடல் முகம் வைப்பதாக அன்றைக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்த வேலை நின்றது. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு, 1945-லேயே வில்லிஸ் ஜீப்பை உழவுக்கும் தோட்ட வேலைக்கும் திருப்பிவிட்டது. அதுதான் சி.ஜே.-2ஏ. ஏழு கீறல், பெரிய ஹெட்லைட், பின்னால் திறக்கும் கதவு. கதவு வந்ததால் ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனது. பெட்ரோல் மூடி வெளியே வந்தது. பானெட்டின் பக்கத்தில் வில்லிஸ் என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்து இருக்கும். முன்கண்ணாடி யுத்த வண்டியைப் போலவே நடுவில் பிரிந்த இரண்டு துண்டு. 1949-ல் வந்த சி.ஜே.-3ஏ கிட்டத்தட்ட இதேதான். ஆனால் முன்கண்ணாடி ஒரே துண்டு. அதன் அடியில் காற்று வருவதற்கு ஒரு சின்னத் திறப்பு. வைப்பரும் கீழே இறங்கிவிட்டது. 2ஏயா 3ஏயா என்று பார்க்க அந்தக் கண்ணாடி ஒன்று போதும்.

1953-ல் வந்தது சி.ஜே.-3பி. நம் ஊரில் ஜீப் என்றால் கண்முன் வருகிற உருவம் இதுதான். பழைய எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கத்தில் இருந்தன. புது எஞ்சினில் காற்று உள்ளே போகும் வால்வைத் தலைக்கு மேலே கொண்டுவந்தார்கள். திறன் 60-லிருந்து 70-க்கு மேல் ஏறியது. ஆனால் எஞ்சின் உயரமாகிவிட்டதால் பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. அச்சை எல்லாம் மாற்றாமல், பானெட்டையும் கிரில்லையும் மட்டும் உயர்த்தினார்கள். அதனால்தான் 3பிக்கு நெற்றி அவ்வளவு தூக்கலாக இருக்கிறது. முன் மட்கார்டிலிருந்து பானெட்டின் மேல் விளிம்பு வரை பாருங்கள். அந்த உயரம் கண்ணில் உறுத்தினால் அது 3பி வம்சம். அமெரிக்காவில் 1968-ல் இதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் மகிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் அந்த உருவத்தைப் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள்.

மகிந்திராவின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1945 அக்டோபர் 2-ஆம் தேதி ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்ற அண்ணன் தம்பியும் மாலிக் குலாம் முகம்மதும் சேர்ந்து மகிந்திரா அண்ட் முகம்மது என்று கம்பெனி தொடங்கினார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பிறகு அங்கே கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. 1940-களின் கடைசியில் பம்பாய் மசகானில், கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளைப் பூட்டி ஜீப் செய்யத் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உதிரிகளும் இங்கேயே செய்யப்பட்டன. ஆகவே ஏழு கீறலும் உயர்ந்த பானெட்டும் உள்ள ஜீப்பில், டோலிடோவில் செய்த பாகமும் பம்பாயில் செய்த பாகமும் கலந்து கிடக்கலாம். எந்தப் பாகம் எங்கே வார்த்தது என்று கியர் பெட்டி, ஆக்சில் ஹவுசிங் மேல் உள்ள வார்ப்பெழுத்தைப் பார்த்தால் தெரியும்.

யுத்த ஜீப் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். மகிந்திரா ஜீப்புகளும் வெகுகாலம் அப்படியே வந்தன. பின்னால் லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் என்று பெரிதாக எழுதிக்கொண்டு போன ஜீப்புகளை நாற்பது வயது தாண்டிய எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறகு பலபேர் பட்டறையில் கொடுத்து வலப்பக்கம் மாற்றிக்கொண்டார்கள். மாற்றியிருந்தால் இடப்பக்கத் தரையில் ஸ்டியரிங் தண்டு இறங்கிய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்த தடம் இருக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

டீசல் காலம் எழுபதுகளில் தொடங்கியது. டிராக்டர் வழி வந்த இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினை மகிந்திராவே ஜீப்பில் வைத்தது. எண்பதுகளில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம்.540 வந்தது. குற்றாலத்துக்கும் அச்சன்கோவிலுக்கும் சவாரி அடித்த எத்தனையோ ஜீப்புகளில் ஓடியது அந்த 2.1 லிட்டர் பெஜோதான். 2010-ல் தார் வந்தது. 2020-ல் புது தார் வந்தது. அவற்றின் மேல் ஜீப் என்ற பெயர் இல்லை. ஆனாலும் ரத்தம் அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து வயசு சொல்லாதீர்கள். எண்பது வருஷமாக நம் பட்டறைகள் ஒரு வண்டியின் உறுப்பை இன்னொரு வண்டிக்கு வைத்தே ஓட்டியிருக்கின்றன. ஒன்பது கீறல் கிரில்லை 3பியில் வைத்திருப்பார்கள். வில்லிஸ் சேஸில் மகிந்திரா பாடி உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் போட்டது பாதிக்கு மேல் இருக்கும். ஆகவே முகம், அடிச்சட்டம், தகட்டு எழுத்து ஆகிய மூன்று இடத்தையும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் தேதி சொல்லுங்கள். யுத்த ஜீப் என்று சந்தேகம் வந்தால், டேஷ்போர்டில் சின்னப் பெட்டிக் கதவைப் பாருங்கள். ராணுவத்துக்கு ஒப்படைத்த தேதியைக் குத்திய தகடு அங்கே இருக்கும், யாரும் பிடுங்காமல் விட்டிருந்தால். அடிச்சட்டத்தில் வில்லிஸின் எண் முன்பக்கம் பம்பருக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு தகட்டில் இருக்கும். ஃபோர்டின் எண் எஞ்சின் தாங்கிக்குப் பக்கத்தில் சட்டத்தின் மேலேயே குத்தியிருக்கும். எண்பலகையும் சாட்சி சொல்லும். டிஎன் 76 நம் தென்காசி ஆர்.டி.ஓ. பதிவு என்பது எல்லோருக்கும் தெரியும். 1989-க்கு முன்னால் கேரளத்தில் கேஎல்க்யூ என்று தொடங்கினால் கொல்லம் பதிவு. மலைக்கு அந்தப்பக்கம் ஓடிவிட்டு இந்தப்பக்கம் வந்து சேர்ந்த ஜீப்பின் பழைய ஆர்.சி. புக்கில் அந்த எழுத்துகளைக் காணலாம்.

கிரில் அளவுக்குச் சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கிரில்லுக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்தது. மகிந்திரா 2018-ல் ராக்ஸர் என்ற வண்டியை அங்கே விற்கத் தொடங்கியது. அது நம் பழைய ஜீப்பின் வார்ப்புதான். ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர், அந்த முகமும் உருவமும் தங்களுடையது என்று புகார் கொடுத்தது. 2020-ல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் அதை ஒப்புக்கொண்டு தடை போட்டது. முகத்தை மாற்றிய பிறகே ராக்ஸருக்கு வழி கிடைத்தது. உலகத்துப் பெரிய கம்பெனி வக்கீல் வைத்துக் காக்கிற முகத்தை, நாம் பட்டறையில் கட்டிங் மெஷின் வைத்துப் பத்து நிமிஷத்தில் அறுத்துவிட்டு இரும்பு விலைக்குக் கொடுக்கிறோம். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

எனக்கு ஜீப்பின் மேல் இருக்கும் அக்கறை கம்பெனி மேல் வந்ததல்ல. நம் மலையடிவாரத்தின் கதை எழுத்தில் ரொம்பக் குறைவு. திருமலைக்கோவில் கல்வெட்டில் இருக்கிறது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் சீமையில் இருந்த கதை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மேக்கரைப் பாதையில் முதலில் மோட்டார் ஏறியது யாருடைய வண்டி, பிரசவ வலியில் இருந்த பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தது எந்த ஜீப், அடவிநயினார் அணைக்கட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போனவர் யார் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. அது இந்த வண்டிகளிலும், அவற்றை ஓட்டிய, இப்போது எழுபது எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடமும் இருக்கிறது. வண்டி போனால் அவர்களைப் பேச வைக்க ஒரு சாக்கும் போய்விடும். ஒரு பழைய டிரைவரிடம் சும்மா போய் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் ஓட்டிய ஜீப்பின் பக்கத்தில் நின்று, ஃப்ரண்ட் ஆக்சில் எந்த வளைவில் போடுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு மணிநேரம் நிறுத்தமாட்டார்.

இனி என் வேண்டுகோள்கள்.

வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சிமாரே, விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். குடும்பக் கஷ்டத்துக்கு விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விற்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, டேஷ்போர்டு, அடிச்சட்ட எண் ஆகிய ஆறையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்.சி. புக்கைக் கிழித்துப்போடாதீர்கள். வயசு தெரிந்த வண்டிக்கு இரும்பு விலை இல்லை, வண்டி விலை கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் தாண்டிய, சேஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அதன்படி பதிவு உண்டு. எண்பலகையில் விஏ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ சவாரிக்கு விடவோ முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் மட்டும்தான். ஆகவே உழைக்கிற ஜீப்புக்கு இது ஒத்துவராது. ஆனால் நின்றுபோன பழைய பெட்ரோல் ஜீப்புக்கு இது நல்ல வழி. எஞ்சினை மாற்றாமல் வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

பட்டறைத் தம்பிமாரே, உங்கள் கை வேலையால்தான் இந்த ஜீப்புகள் இத்தனை காலம் ஓடின. வாளையார் தாண்டிப் போய்த் தேடினாலும் கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்து கொடுத்தவர்கள் நீங்கள். உங்களிடம் கேட்பது இதுதான். வாடிக்கையாளர் மாற்றச் சொன்னால், கழற்றிய அசல் கிரில்லையும் விளக்குக் கீலையும் டேஷ்போர்டுத் தகட்டையும் சாக்கில் கட்டி அவர் கையிலேயே கொடுங்கள். பழைய இரும்போடு சேர்க்காதீர்கள். உருவத்தையே மாற்றும் வேலையாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. துருவைப் பொறுத்தவரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சாரல் இரும்பைச் சும்மா விடாது. யுத்த ஜீப்பின் தரைக்கு அடியில் ஓடும் தகட்டுக் குழல்களுக்குள் மரச்சட்டம் வைத்திருப்பார்கள். அது ஈரத்தைக் குடித்து உள்ளிருந்து அரிக்கும். தரை நன்றாக இருக்கிறதே என்று மேலே மட்டும் பெயிண்ட் அடிக்காமல், அந்தக் குழலைத் தட்டிப் பாருங்கள்.

போட்டோ எடுக்கும் தம்பிகளே, சீசனில் ஐந்தருவிச் சாலையில் புதுத் தாரையும் ஜீப் காம்பஸையும் தேடித்தேடி எடுக்கிறீர்கள். காம்பஸ் 2017 முதல் புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் தயாராகிறது. அதன் முகத்திலும் ஏழு கீறல்தான். அதே ஏழு கீறலின் தாத்தா, அரை மைல் தள்ளி ஏதாவது தென்னந்தோப்பில் நிற்கலாம். கேட்டுப் போங்கள். வண்டிக்காரரிடம் உத்தரவு வாங்காமல் பானெட்டைத் தொடாதீர்கள். எண்பலகையை மறைத்துப் படம் போடுங்கள். படத்துக்குக் கீழே ஊர், மாடல், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் யூகித்து எழுதாமல், தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். பழைய டிரைவரை அழைத்துப் பேசவைத்து அதையும் போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச்சை எடுத்துவைக்கக் காலம் அதிகம் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. குற்றாலத்தில் சாரல் திருவிழா நடக்கிறது. அதில் மலையடிவாரத்து ஜீப்புகளுக்கும் ஒரு மைதானமும் ஒரு நாளும் ஒதுக்கச் சொல்லி, மாவட்ட நிர்வாகத்துக்கு நாம் சேர்ந்து மனுக் கொடுப்போம். அது கிடைக்காவிட்டாலும் குறையில்லை. திருமலைக்கோவில் அடிவாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே கூடிக்கொள்ளலாம். ஓடுகிற வண்டி ஓடி வரட்டும், ஓடாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவருவோம். யுத்த ஜீப் ஒரு வரிசை, 2ஏயும் 3ஏயும் ஒரு வரிசை, உயர்ந்த நெற்றி 3பிகள் ஒரு வரிசை, டீசல்கள் ஒரு வரிசை என்று நிறுத்துவோம். ஒவ்வொரு வண்டியின் மேலும் அதன் வயசு, ஊர், ஓட்டியவர் பெயர் எழுதிய ஓர் அட்டை இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கிரில்லை எண்ணிப் பார்க்கட்டும். அன்றைக்கு எடுக்கும் குறிப்பை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, தென்காசி நூலகத்தில் ஒரு பிரதி வைப்போம்.

இதற்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. ஆனி பிறப்பதற்குள் உங்கள் வண்டி விவரத்தைப் பண்பொழிக்குச் சொல்லியனுப்புங்கள். வண்டியை விற்றுவிட்டவர்கள் அதன் பழைய போட்டோவோடும் ஆர்.சி. புக்கோடும் வாருங்கள், உங்களுக்கும் வரிசையில் இடம் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
பண்பொழி.